முதலில் மண், பிறகு டாங்கி

ரேடியோ கன்ட்ரோல் டாங்கிகளுக்கு நிலம் சமைக்கும் கலையும், அதற்குத் தளி வட்டாரம் வைத்திருக்கும் சரக்கும்

1965 செப்டம்பர் 8. பஞ்சாப் எல்லையில் கேம்கரண் ஊரைத் தாண்டி பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் உள்ளே நுழைந்தன. அமெரிக்காவில் செய்யப்பட்டவை, நம் படையிடம் இருந்த பழைய ஷெர்மன் டாங்கிகளைவிடப் பல வகையிலும் மேலானவை. இந்தியாவின் 4-ஆவது மலைப்படைப் பிரிவு பின்வாங்கி, அசல் உத்தர் கிராமத்தைச் சுற்றிக் குதிரை லாட வடிவில் நிலைகொண்டது. வாய்க்கால் உடைக்கப்பட்டு வயல்களில் தண்ணீர் பாய்ந்தது. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருந்த கரும்புக்குள் நம் டாங்கிகளும் ஜீப்பில் பொருத்திய பீரங்கிகளும் பதுங்கின. சேற்றில் சிக்கி வேகம் இழந்த பேட்டன்கள் ஒவ்வொன்றாக அடிபட்டன. அந்தச் சண்டையில் பாகிஸ்தான் இழந்தவை 97 டாங்கிகள் என்பது இந்தியக் கணக்கு. ஜீப் பீரங்கியோடு எதிர்த்து நின்று உயிர்விட்ட ஹவில்தார் அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது.

இந்தச் சண்டையை ஒரு மேசையளவில் செய்துகாட்ட வேண்டும் என்றால் எதிலிருந்து தொடங்குவது? பலரும் பேட்டன் டாங்கியின் மாடலை வாங்கப் போவார்கள். டாங்கி மட்டும் வந்து என்ன பயன்? வாய்க்கால் இல்லை, சேறு இல்லை, கரும்பு இல்லை என்றால் அசல் உத்தரே இல்லை. அங்கே வென்றது வீரர்களின் துணிவும் அவர்களுக்குத் துணைநின்ற நிலமும். நிலத்தைச் செய்யாதவர் அந்தச் சண்டையின் பாதியை விட்டுவிடுகிறார்.

ரேடியோ கன்ட்ரோல் டாங்கிப் பிரியர்களுக்குள் நிலக்காட்சி செய்கிறவர்கள் என்று ஒரு தனி இனம் உண்டு. ஜப்பான், ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா என்று பல நாடுகளில் இவர்கள் அறை நிறையக் காடும் ஆறும் இடிந்த தெருவும் கட்டி, அதற்குள் டாங்கிகளை ஓட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் இந்தக் கலை இன்னும் வேர் பிடிக்கவில்லை. ஆனால் அதற்கு வேண்டிய மண், கல், கைத்திறன், பழக்கம் எல்லாம் ஒரே இடத்தில் கூடிக் கிடக்கும் வட்டாரம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. ஓசூருக்குத் தென்மேற்கே, கர்நாடக எல்லையை ஒட்டி, சுமார் 3,000 அடி உயரத்தில், வெள்ளைக்காரர்கள் ‘லிட்டில் இங்கிலாந்து’ என்று அழைத்த தளியும் அதன் சுற்றுப்புறமும்தான் அது.

அலமாரிக்கு அல்ல, ஓட்டுவதற்கு

ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1974-இல் தன் முதல் ரேடியோ கன்ட்ரோல் டாங்கியைக் கொண்டுவந்தது. அமெரிக்க ஷெர்மன் டாங்கியின் பதினாறில் ஒரு பங்கு வடிவம். அதன் பிறகு 1/16 என்பதே இந்தப் பொழுதுபோக்கின் பொது அளவு ஆகிவிட்டது. இன்று சீனத் தயாரிப்புகளும் இதே அளவில் வருகின்றன. இன்ஜின் சத்தம், புகை, சுடும்போது பின்னுக்குத் தள்ளும் குழல் எல்லாம் உண்டு. ஒரு டாங்கி இன்னொன்றை அகச்சிவப்புக் கதிரால் ‘சுடும்’. சில அடிகள் வாங்கியதும் அடிபட்ட வண்டி செயலிழந்து நின்றுவிடும்.

டயோரமா என்ற காட்சிப் பலகைகளை நாம் அருங்காட்சியகங்களில் பார்த்திருக்கிறோம். அவை கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் இருப்பவை. அங்கே புல் நிமிர்ந்து நின்றால் போதும். டாங்கி ஓடும் நிலத்துக்கு வேலை அதிகம். 1/16 டாங்கி பெரும்பாலும் 3 முதல் 5 கிலோ எடை இருக்கும். உலோக டிராக் போட்டவை இன்னும் கூடும். அது நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பும்போது டிராக்கின் பற்கள் மண்ணைக் கிழிக்கும். தெர்மாகோல் மேல் பெயின்ட் அடித்த மலை ஒரே மாலையில் உருக்குலைந்து போகும். ஆகவே பார்வைக்கு நிலமாகவும் பாரத்துக்குச் சாலையாகவும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். இந்த இரட்டைக் கடமைதான் கலையைக் கடினமாக்குகிறது. அந்தக் கடினமே இதில் இறங்கியவர்களை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

பதினாறால் வகுத்தால்

வேலை தொடங்குவது அளவு நாடாவில். ஐந்தடி ஏழு அங்குல மனிதர் இங்கே 10.6 சென்டிமீட்டர். ஏழடிக் கதவு 13 சென்டிமீட்டர். எட்டு மீட்டர் மின்கம்பம் அரை மீட்டர். மூன்று மீட்டர் கரும்பு 19 சென்டிமீட்டர். நம் அர்ஜுன் டாங்கி குழலோடு சேர்த்து சுமார் 10.6 மீட்டர் நீளம், 3.86 மீட்டர் அகலம். மாடலில் அது 66 சென்டிமீட்டருக்கு 24 சென்டிமீட்டர். ஒற்றைத் தடச் சாலைக்கே ஓரடிக்கு மேல் அகலம் விட வேண்டும் என்பது இதிலிருந்து தெரியும்.

அடுத்து, டாங்கியால் என்ன முடியும் என்ற கணக்கு. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் தயாராகி ‘அஜேயா’ என்று பெயர் பெற்ற டி-72 டாங்கி, சுமார் 2.8 மீட்டர் அகலப் பள்ளத்தைத் தாண்டும். 85 சென்டிமீட்டர் உயரத் திட்டில் ஏறும். தனி ஏற்பாடு எதுவும் இல்லாமல் 1.2 மீட்டர் ஆழத் தண்ணீரைக் கடக்கும். பலகையில் இவை முறையே 17.5, 5.3, 7.5 சென்டிமீட்டர். இந்த மூன்று எண்களைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தை வடிவமைத்தால், எந்த இடத்தில் டாங்கி தப்பிக்கும், எந்த இடத்தில் மாட்டும் என்பதை நிலம் செய்பவரே தீர்மானிக்கலாம்.

தளி, ஜவளகிரி விவசாயிகளுக்கு இந்தப் பள்ளக் கணக்கை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பன்னேர்கட்டா பக்கமிருந்து வரும் யானைக் கூட்டங்கள் ராகிக் கொல்லைக்குள் இறங்காமல் தடுக்கக் காட்டோரத்தில் வெட்டும் யானைத் தடுப்புப் பள்ளங்கள் பொதுவாக 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம் கொண்டவை. டி-72 தாண்டக்கூடிய அகலத்தைவிட ஏறத்தாழ ஒரு சாண் கூடுதல். அதாவது நம் ஊர் யானைப் பள்ளம் அப்படியே டாங்கித் தடுப்புப் பள்ளமும்தான். கரை சரிந்த இடத்தில் யானை இறங்கி ஏறிவிடுகிறது. டாங்கியும் அப்படித்தான் ஏறும். பலகையில் 19 சென்டிமீட்டர் பள்ளம் வெட்டி ஓரிடத்தில் மட்டும் கரையைச் சரித்து வையுங்கள். இரண்டு பேர் டாங்கி ஓட்டினால் சண்டை முழுவதும் அந்தச் சரிவைச் சுற்றியே நடக்கும்.

சுருங்க மறுப்பவை

எல்லாவற்றையும் பதினாறால் வகுத்துவிட முடியாது என்பது இந்தக் கலையின் ஆழமான பாடம். நீளம் பதினாறில் ஒன்றாகக் குறையும்போது பரப்பு 256-இல் ஒன்றாகவும், கன அளவு 4,096-இல் ஒன்றாகவும் குறையும். ஆகவே 41 டன் டி-72 மாடலில் 10 கிலோ இருக்க வேண்டும். கடையில் கிடைப்பதோ பெரும்பாலும் அதில் பாதிக்கு மேல் இல்லை. 10 கிலோவே இருந்தாலும், எடையைத் தாங்கும் டிராக்கின் பரப்பு 256 மடங்குதான் குறைந்திருக்கிறது. விளைவு, மண்ணின் மேல் விழும் அழுத்தம் அசலில் பதினாறில் ஒரு பங்கு. நிஜ டாங்கி புதைகிற சேற்றில் குட்டி டாங்கி சிரமமில்லாமல் போய்விடும். 1971 டிசம்பரில் ராஜஸ்தான் பாலைவனத்து லோங்கேவாலாவில் பாகிஸ்தான் டாங்கிகளை மணல் பிடித்து நிறுத்தியது. மணலைப் பலகையில் கொட்டினால் மாடல் டாங்கி அதன்மேல் ஏறி ஓடும். சேற்றையும் மணலையும் அவற்றின் வேலையைச் செய்ய வைக்க வேண்டும் என்றால் கூழ்போல் இளகிய களிமண், வழுக்கும் அடித்தளம், டிராக்கின் பிடி விலகும் சரிவு என்று தனியாகத் தந்திரம் செய்ய வேண்டும்.

மணல் துகளும் அப்படித்தான். ஒரு மில்லிமீட்டர் மணல், பலகையில் 16 மில்லிமீட்டர் கல்லாகத் தெரியும். ஆற்று மணலை அப்படியே ஒட்டினால் மண்சாலை ஜல்லிச் சாலை ஆகிவிடும். மாவு சலிக்கும் சல்லடையில் சலித்து, அதற்கும் கீழே விழும் தூளை எடுத்தால்தான் புழுதி புழுதியாகத் தெரியும்.

தண்ணீர் இன்னும் பிடிவாதமானது. நிஜத் தண்ணீரை ஊற்றினால் அதன் துளி பெரிதாக இருக்கும். அலை ஏரியில் எழுவதுபோல் எழாது. கியர்பாக்ஸிலும் மின்னணுப் பலகையிலும் புகுந்து கெடுக்கும். அதனால் எபாக்ஸி ரெசினை மெல்லிய அடுக்குகளாக ஊற்றி உறைய வைக்கிறார்கள். மொத்தமாக ஊற்றினால் அது தானே சூடேறி வெடிப்பும் குமிழும் விழும். அடியில் சேற்று நிறம், ஆழத்துக்குக் கரும்பச்சை, மேலே தெளிந்த அடுக்கு என்று போனால் மூன்று சென்டிமீட்டர் தடிமனில் ஓர் ஏரியின் ஆழம் வந்துவிடும்.

தூரம்கூடச் சுருங்காது. 1,500 மீட்டர் தூரத்தில் நடக்கும் டாங்கிச் சண்டைக்கு 1/16 கணக்கில் 94 மீட்டர் வேண்டும். யார் வீட்டிலும் அவ்வளவு நீள அறை இல்லை. ஆகவே நிலம் செய்பவர் மேட்டையும் தோப்பையும் வளைவையும் வைத்துப் பார்வையை மறைத்து மறைத்து, பத்தடி தூரத்தை ஒரு மைலாக உணர வைக்கிறார். பதினாறு மீட்டர் தென்னை கணக்குப்படி ஒரு மீட்டர் உயரம் நிற்க வேண்டும். அதை முக்கால் மீட்டராக்கி, பின்னால் இருப்பதை அரை மீட்டராக்கினால் கண் அதைத் தூரமாக எடுத்துக்கொள்ளும். கோயில் கோபுரத்தின் நிலைகள் மேலே போகப் போகச் சிறுத்து, கோபுரத்தை இருப்பதைவிட உயரமாகக் காட்டுவதும் இதே கண் வித்தைதான்.

தளி தரும் சரக்கு

வெளிநாட்டில் இந்தப் பொழுதுபோக்குக்குத் தனிக் கடைகள் உண்டு. பொட்டலத்தில் புல், புட்டியில் சேறு, பையில் பாறை என்று எல்லாமே விலைக்கு. தளியில் அவற்றில் பெரும்பாலானவை காலடியில் கிடக்கின்றன.

இந்தப் பகுதி கிரானைட் பூமி. கிரஷர்களில் வீணாகக் குவியும் தூளைத் தரம்தரமாகச் சலித்தால் புழுதி முதல் சரளை வரை எல்லா அளவும் கிடைக்கும். 6 மில்லிமீட்டர் சிப்ஸ் பலகையில் பத்து சென்டிமீட்டர் கல். 20 மில்லிமீட்டர் ஜல்லி ஓரடிப் பாறை. ஒரு கவனம் தேவை: கிரஷர் தூளின் கூர் முனைகள் டிராக்கிலும் கியரிலும் புகுந்து தேய்த்துவிடும். பசையில் நன்றாக இறுக்கி, காய்ந்தபின் தூரிகையால் உதறி, ஒட்டாததை எடுத்துவிட வேண்டும்.

செம்மண்ணுக்குப் பெயின்ட் தேவையே இல்லை. வெயிலில் காயவைத்து, சலித்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் குழைத்துப் பூசினால் அதன் நிறத்தை எந்தப் பெயின்டும் தர முடியாது. பசைத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டால் தூளுக்குள் இறங்கிப் பிடிக்கும்.

தளியில் ரோஜாவும் குடைமிளகாயும் வளரும் பசுமைக்குடில்களும், மலர்ச் சாகுபடிக்கென இந்திய–இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் அமைந்த மகத்துவ மையமும் இருக்கின்றன. குடில்களில் கிழிந்துபோய் ஒதுக்கப்படும் பச்சை நிழல்வலை, டாங்கியை மூடும் மறைப்பு வலையாகிறது. 16 மில்லிமீட்டர் சொட்டுநீர்க் குழாயின் துண்டு, சாலைக்குக் குறுக்கே போகும் பத்து அங்குலக் குழாய்ப் பாலம். தென்னையின் பன்னாடை இன்னொரு வகை மறைப்பு வலை. காய்ந்த நாரும் உமியும் வைக்கோல் போர். முற்றிக் காய்ந்த பீர்க்கங்கூட்டைப் பிய்த்துப் பச்சைச் சாயத்தில் தோய்த்தால் புதர். மோட்டார் ரீவைண்டிங் கடையில் கழிவாகப் போகும் செம்புக் கம்பியைக் கட்டாகப் பிடித்து முறுக்கி, மேலே விரித்தால் மரத்தின் எலும்புக்கூடு. அதன்மேல் மரத்தூளும் பசையும் பூசினால் பட்டை. பயன்படுத்திக் காயவைத்த டீத்தூள், அதன் கீழே உதிர்ந்த சருகு.

ஒரு வேண்டுகோள். எந்தப் பொருளும் காப்புக்காட்டிலிருந்து வரக் கூடாது. இந்தப் பகுதியின் காடுகள் யானைகளின் வழித்தடம். பெரும்பகுதி 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருகிறது. ஒரு பட்டா நிலத்தின் வரப்பில் கிடைப்பதே பத்துப் பலகைக்குப் போதும்.

பொருளைவிட முக்கியமானது பார்வை. 1792-இல் இந்தப் பாராமகால் சீமை வழியாகப் போன தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஆங்கில ஓவியர்கள் ராயக்கோட்டை முதலிய மலைகளை வரைந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டுதான் ராயக்கோட்டை திப்புவின் படையிடமிருந்து கும்பெனிப் படையின் கைக்குப் போயிருந்தது. மலைக்கோட்டையும் கணவாயும் யார் கையில் என்பதே இங்கே போரின் முடிவைத் தீர்மானித்தது. நிலம் செய்ய விரும்பும் ஒருவர் முதலில் அந்த ஓவியர்களைப்போல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பாறை எந்தப் பக்கம் வெடித்திருக்கிறது? மழைநீர் எந்த வழியில் இறங்கி மண்ணை அரித்திருக்கிறது? பாறையின் வடக்குப் பக்கம் ஏன் பாசி படர்ந்து கறுத்திருக்கிறது? வண்டித் தடத்தின் நடுவில் மட்டும் ஏன் புல் நிற்கிறது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தவர் செய்யும் நிலம் பொய்யாகத் தெரியாது.

பாட்டியின் பார்க்

தமிழர்களுக்கு இது புதுக் கலை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள முடியாது. நவராத்திரிக்கு நம் வீடுகளில் கொலுப் படிக்குப் பக்கத்தில் ‘பார்க்’ கட்டுகிறோமே, அது என்ன? தட்டில் மண் பரப்பி ராகியோ வெந்தயமோ கடுகோ தெளித்து, தண்ணீர் தெளித்து வந்தால் ஒரு வாரத்தில் பச்சைப் பசேல் என்று வயல் எழும்பும். ஒரு மீட்டர் வளர்ந்த ராகிப் பயிர் 1/16 அளவில் 6 சென்டிமீட்டர். கொலுவில் முளைத்து நிற்கும் நாற்றும் ஏறத்தாழ அதே உயரம். பாட்டிமார்கள் எந்தக் கணக்கும் போடாமல் சரியான அளவைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கண்ணாடித் துண்டைப் பதித்துக் குளம், மணலில் பாதை, மலைமேல் முருகன் கோயில், அடிவாரத்தில் கடைத்தெரு, பக்கத்தில் ரயில் நிலையம் என்று ஒரு முழு ஊரே வந்துவிடும்.

கிறிஸ்தவக் குடும்பங்கள் டிசம்பரில் கட்டும் குடிலும் இதே வித்தை. கெட்டித்தாளைக் கசக்கி, சாம்பல் நிறமும் காவியும் தெளித்து, மடிப்புகளில் கறுப்பு இறக்கினால் குகைப்பாறை. வைக்கோல் கூரை, முளைப்பாரிபோல் வளர்த்த பச்சை, மறைத்து வைத்த சின்ன விளக்கு. ஓசூரைச் சுற்றித் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளில் கொலுவும் கன்னடர்களின் தசராப் பொம்மையும் ஒன்றாகவே நடக்கின்றன.

பொம்மை செய்யும் கைகளும் தூரத்தில் இல்லை. காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரைக்குப் பக்கத்து விளாச்சேரி ஆகிய ஊர்களில் களிமண்ணிலும் காகிதக் கூழிலும் பொம்மை செய்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் சென்னபட்டணத்தில் அரக்கு மெருகேற்றிய மரப்பொம்மைகள். காகிதக் கூழில் மலை செய்வது இவர்களுக்கு அன்றாட வேலை. 1/16 டாங்கிக்குப் பக்கத்தில் நிற்க பத்தரை சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கிராமத்துப் பெரியவர், தலையில் புல்கட்டோடு ஒரு அம்மா, குழாயடியில் குடங்கள் என்று இவர்கள் செய்து தர ஆரம்பித்தால் உலகத்தில் வேறு எங்கும் கிடைக்காத பொருளாக அது இருக்கும். வெளிநாட்டு உற்பத்திகளில் ஐரோப்பியச் சிப்பாய்கள் கிடைப்பார்கள். நம் ஊர் மனிதர்கள் கிடைக்க மாட்டார்கள்.

படைகளும் இதைத்தான் செய்கின்றன

பெரியவர்களுக்கு எதற்கு இந்த மண் விளையாட்டு என்று கேட்பவர்கள் ராணுவப் பயிற்சி நிலையம் எதையாவது போய்ப் பார்க்க வேண்டும். மணலில் மேடும் பள்ளமும் குவித்து, நிறப்பொடி தூவி, ஆறும் சாலையும் குறித்து ‘சேண்ட் மாடல்’ செய்து, அதைச் சுற்றி நின்றுதான் அதிகாரிகள் தாக்குதல் திட்டத்தைச் சொல்கிறார்கள். வரைபடத்தில் ஒரு கோடாகத் தெரியும் மேடு, மணலில் குவிந்து நிற்கும்போதுதான் அதற்குப் பின்னால் என்ன மறையும் என்பது புரிகிறது.

இந்தப் பழக்கம் பழையது. பிரான்சில் 14-ஆம் லூயி மன்னர் 1668 முதல் தன் கோட்டை நகரங்களையும் சுற்றியுள்ள நிலத்தையும் பெரும்பாலும் 1/600 அளவில் மரத்திலும் காகிதத்திலும் செய்ய வைத்தார். அந்தச் சேகரிப்பின் ஒரு பகுதி இன்றும் பாரிசில் இருக்கிறது. பிரஷ்யாவில் 1812-இல் ரைஸ்விட்ஸ் என்பவர் அரசருக்குச் செய்து கொடுத்த போர் விளையாட்டு மேசையில், மலையும் ஆறும் காடும் தனித்தனிப் பிளாஸ்டர் சதுரங்களாக இருந்தன. வேண்டியபடி மாற்றி அடுக்கினால் புதுப் புது நிலம். இன்று டாங்கிப் பிரியர்கள் இரண்டடிச் சதுரப் பலகைகளாக நிலத்தைச் செய்து, ஓரங்கள் பொருந்தும்படி இணைத்து விளையாடுவது அதே யோசனைதான்.

நாம் செய்ய வேண்டிய பலகை: சோஜி லா

எந்தச் சண்டையை முதலில் செய்வது என்று கேட்டால், நான் தயங்காமல் சோஜி லா என்பேன். காரணம், அந்தக் கதையில் நம் பக்கத்து மனிதர்கள் நிலத்தையே செய்திருக்கிறார்கள்.

1948-இல் லடாக்குக்குப் போகும் வழியில் ஏறத்தாழ 11,500 அடி உயரத்தில் இருக்கும் சோஜி லா கணவாயைப் பாகிஸ்தான் தரப்பு எதிரிகள் பிடித்து வைத்திருந்தார்கள். காலாட்படைத் தாக்குதல்கள் பலிக்கவில்லை. டாங்கியைக் கொண்டுபோகலாம் என்ற முடிவு அப்போதுதான் வந்தது. அவ்வளவு உயரத்தில் அதுவரை யாரும் டாங்கியைச் சண்டைக்குக் கொண்டுபோனதில்லை. 18-ஆம் நூற்றாண்டில் மதராஸ் மாகாணப் படையின் குதிரைப்படையாகப் பிறந்த 7-ஆவது லைட் கவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. எதிரிக்குத் தெரியாமல் இருக்க அவற்றின் சுழல் கோபுரங்களைக் கழற்றி, மூடி மறைத்து, ஜம்முவிலிருந்து கொண்டுபோனார்கள். பால்தால் முகாமிலிருந்து கணவாய்க்கு ஏறும் வழி வெறும் கோவேறு கழுதைப் பாதை. அதை டாங்கி ஏறும் பாதையாக வெட்டி அகலப்படுத்தியது மதராஸ் சேப்பர்ஸ் எனப்படும் மதராஸ் பொறியாளர் படை. 1948 நவம்பர் 1 அன்று பனிக்கு நடுவே டாங்கிகள் கணவாய்க்குள் நுழைந்தன. படைத் தளபதி ஜெனரல் திம்மய்யா தாமே முன்னணி டாங்கியில் இருந்தார். டாங்கியை அங்கே எதிர்பார்த்திராத எதிரிகள் நிலைகளை விட்டு ஓடினார்கள். லடாக்குக்கான வழி திறந்தது.

அந்த மதராஸ் சேப்பர்ஸின் தலைமையகம் பெங்களூரு அல்சூரில் இருக்கிறது; தளியிலிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் திரும்பிவிடலாம். ஓசூரின் மத்திகிரி கால்நடைப் பண்ணையும் 19-ஆம் நூற்றாண்டில் ராணுவத்துக்குக் குதிரை வளர்த்த இடம். குதிரையிலிருந்து டாங்கிக்கு மாறிய படைகளின் வரலாறு இந்த மண்ணோடு ஒட்டியே போகிறது.

சோஜி லா பலகைக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. ஸ்டூவர்ட் சின்ன டாங்கி. சுமார் 15 டன். 4,096-ஆல் வகுத்தால் 3.7 கிலோ. ரேடியோ கன்ட்ரோல் மாடலின் வழக்கமான எடையே அதுதான். ஆகவே சரிவில் அது தடுமாறுவதும் பிடிப்பதும் அசலுக்கு நெருக்கமாக இருக்கும். அகலம் 14 சென்டிமீட்டர்தான் என்பதால், ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பாதாளம் என்று 18 சென்டிமீட்டர் பாதையை வளைத்து வளைத்து ஏற்றலாம். பாறைக்குத் தளியின் கிரானைட் சில்லு. பனிக்குச் சலித்த மார்பிள் தூளும் பிளாஸ்டர் ஆஃப் பாரிசும். பாதை வெட்டும் சேப்பர் வீரர்களை முன்னால் வைத்து, டாங்கியைப் பின்னால் வர வைக்க வேண்டும். வெற்றியின் வரிசை அதுதான்.

விளையாட்டில் போர்

குழந்தைகள் கையில் டாங்கியைக் கொடுப்பது சரியா என்ற கேள்வி நியாயமானது. அதைத் தட்டிக் கழிக்க நான் விரும்பவில்லை. வெறும் தரையில் இரண்டு டாங்கிகளை மோத விட்டால் அது சத்தமும் புகையும் மட்டும்தான். அதே குழந்தை ஒரு மாதம் உட்கார்ந்து ஒரு வீட்டைக் கட்டியிருக்கட்டும். கூரைக்கு ஓடு வேய்ந்து, திண்ணையில் ஒரு பெரியவரை உட்காரவைத்து, கொல்லையில் ராகி விதைத்திருக்கட்டும். பிறகு அந்தக் கொல்லை வழியாக டாங்கி போகும்போது என்ன அழிகிறது என்பதை அதன் கை அறிந்திருக்கும். அசல் உத்தரின் கரும்பும் யாரோ ஒரு விவசாயியின் ஒரு வருட உழைப்பு. நிலம் செய்கிறவர் அதை மறக்க முடியாது. போர்க்காட்சி செய்யும் நல்ல கலைஞர்கள் இடிந்த வீட்டையும், அதில் மிச்சமிருக்கும் சுவரில் தொங்கும் நாள்காட்டியையும் டாங்கிக்கு எடுக்கும் அதே சிரத்தையோடு செய்வதற்குக் காரணம் இதுதான்.

> முதல் பலகை: செய்முறைச் சுருக்கம்
>
> சட்டம்: 12 மில்லிமீட்டர் பிளைவுட், 2 அடிக்கு 4 அடி. அடியில் ரீப்பர் கட்டை அடித்தால் வளையாது.
>
> மேடு: அடர்த்தியான ஃபோம் அட்டையை அடுக்கி ஒட்டி, கத்தியால் சரித்துச் செதுக்கவும். சாதாரணத் தெர்மாகோல் என்றால் மேலே கோழிவலை போட்டுக் காகிதக் கூழ் பூசவும்.
>
> ஓடும் பாதை: சிமென்ட், சலித்த மண், ஃபெவிகால் கலவை ஒரு சென்டிமீட்டர் தடிமன். ஈரமாக இருக்கும்போதே டாங்கியை ஒரு முறை உருட்டினால் டிராக் தடம் பதியும். உடனே டிராக்கைக் கழுவிவிடவும்.
>
> சரிவு: 30 டிகிரிக்கு மேல் வேண்டாம்.
>
> நிறம்: முதலில் அடர்ந்த நிறம், பிறகு வெளிர். உலர்ந்த தூரிகையால் மேடுகளை மட்டும் தொட்டு எடுக்கவும்.
>
> புல், புதர்: டாங்கி ஓடாத இடத்தில் மட்டும் ஒட்டவும்.
>
> நேரம்: வெயிலில் அகச்சிவப்புக் கதிர் சரியாக வேலை செய்யாது. வெளியே விளையாட மாலை நேரமே நல்லது.

ஓசூரின் கைகள்

இறக்குமதிப் பொம்மைகளின் சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. வெளிநாட்டு டாங்கி மாடல் நம் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத விலை ஆகிவிட்டது என்று இதைப் பார்க்கலாம். நான் இதை வாய்ப்பாகப் பார்க்கிறேன். டிவிஎஸ் மொபெட்டும் அசோக் லேலண்ட் லாரியும் டைட்டன் கடிகாரமும் செய்து பழகிய ஊர் ஓசூர். அச்சு வெட்டவும், பிளாஸ்டிக் வார்க்கவும், கடிகாரப் பல்சக்கரத்தின் நுணுக்கத்தில் வேலை செய்யவும் தெரிந்தவர்கள் சிப்காட்டைச் சுற்றி ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஓசூரும் ஒன்று. விஜயந்தா, அர்ஜுன், அஜேயா மூன்றும் ஆவடியில் உருவான டாங்கிகள். அவற்றின் 1/16 மாடல் ஒன்று தமிழ்நாட்டு அச்சில், தமிழ்நாட்டு மோட்டாரோடு கடைக்கு வராததற்குத் திறமைக் குறைவைக் காரணமாகச் சொல்ல முடியாது. கேட்பவர்கள் உருவாகவில்லை, அவ்வளவுதான்.

கேட்பவர்களை உருவாக்குவது நிலக்காட்சிதான். பள்ளி ஒன்றில் மாணவர்கள் சேர்ந்து தங்கள் ஊர் ஏரியையும் கரையையும் 1/16-இல் செய்தால் புவியியல், விகிதம், இயற்பியல், வரலாறு நான்கும் ஒரே மேசையில் வந்துவிடும். எதையும் பதினாறால் வகுத்த மாணவருக்குப் பரப்பும் கன அளவும் ஏன் வேறு வேறு வேகத்தில் குறைகின்றன என்பதை மனப்பாடம் செய்யத் தேவை இருக்காது. ஐடிஐ மாணவர்கள் பாலமும் தண்டவாளமும் செய்யலாம். விளாச்சேரியும் சென்னபட்டணமும் மனிதர்களைத் தரலாம். ஓசூர்ப் புத்தகத் திருவிழாவில் ஒரு மூலையில் சோஜி லா பலகையை வைத்து, மதராஸ் சேப்பர்ஸிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவரை அதன் அருகில் நின்று பேச அழைக்கலாம்.

இதற்கெல்லாம் முதலில் டாங்கி வாங்க வேண்டாம். ஒரு பிளைவுட் பலகை, ஒரு டப்பா ஃபெவிகால், ஒரு சல்லடை, ஒரு கூடை செம்மண் போதும். இந்த நவராத்திரிக்கு வீட்டில் பார்க் கட்டும்போது பாதையை மட்டும் ஓரடி அகலமாகவும் உறுதியாகவும் போடுங்கள். உங்கள் பிள்ளையை அளவு நாடாவோடு ஊர்க் கால்வாய்க்கு அனுப்புங்கள். அகலத்தை அளந்து வந்து, பதினாறால் வகுத்து, டி-72 அதைத் தாண்டுமா தாண்டாதா என்று அந்தப் பிள்ளை சொல்லட்டும். சரியாகச் சொன்ன பிறகு டாங்கியைப் பற்றிப் பேசலாம்.